ஏழையின் பாஞ்சோ: பழைய வடிவமும் மலிவு விலையும்

இந்தியாவில் பல ஊர்களில் 'பாஞ்சோ' என்று கேட்டால் புல்புல் தாராவைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தட்டச்சு இயந்திரம் மாதிரி வரிசையாகப் பொத்தான் வைத்திருக்குமே, அதுதான். ஜப்பானில் 1912-ல் உருவான தாய்ஷோகோட்டோ என்ற கருவியின் வழியில் வந்தது அது. அமெரிக்க பாஞ்சோவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. இந்தக் கட்டுரை அமெரிக்க பாஞ்சோவைப் பற்றியது.

இன்று அமெரிக்காவில் சில நூறு டாலருக்கு ஒரு புது பாஞ்சோ வாங்கிவிடலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பொதுவாக மலிவான பொருள் என்றால் புது மாடலாக, புது இயந்திரத்தில் செய்ததாக இருக்கும். பழைய பாணிப் பொருள்தான் விலை அதிகம். கைத்தறிச் சேலையையும் மில் சேலையையும் நினைத்துப் பாருங்கள். பாஞ்சோவில் இது தலைகீழ். கடையில் இருக்கும் மலிவான பாஞ்சோக்களில் பல, 100 ஆண்டுகளுக்கு முந்தைய வடிவங்களைப் பார்த்துச் செய்தவை. சிலவற்றின் பெயர்கூட அந்தக் காலத்துப் பெயர்தான்.

ஏன் இப்படி? பழைய வடிவம் எளிமையானது, செலவு குறைவு என்பது ஒரு பதில். அது சரிதான். ஆனால் 'பழைய வடிவம்' என்றால் எவ்வளவு பழையது, யாருடையது என்று கேட்க ஆரம்பித்தால் கதை வேறு எங்கோ போகிறது. கொஞ்சம் நீளமான கட்டுரை, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கருவியைப் பார்ப்போம்

பாஞ்சோவை ஒரே வரியில் சொன்னால், கழுத்து வைத்த மேளம். வட்டமான ஒரு மரச்சட்டம். அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல். தோலின் மேல் சின்ன மரக் குதிரை. குதிரையின் மேல் ஐந்து தந்திகள். தந்தியைத் தட்டினால் அதிர்வு குதிரை வழியாகத் தோலில் இறங்குகிறது. தோலுக்கு எடை கிடையாது. அதனால் சத்தம் சட்டென்று எழும்பும், சட்டென்று அடங்கும். வீணையில் வருவது போல நாதம் நீண்டு நிற்காது. பாஞ்சோ வாசிப்பவர்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஐந்து தந்திகளில் ஒன்று மட்டும் குட்டை. மற்ற நான்கும் கழுத்தின் உச்சியிலிருந்து வரும்போது, இது பாதி வழியில், ஐந்தாவது மெட்டு அருகே தனிப் பிருடையில் தொடங்குகிறது. கட்டை விரலால் இதை அவ்வப்போது மீட்டுவார்கள். தம்புராவின் சுருதி மாதிரி பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். இந்தக் குட்டைத் தந்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐந்து தந்தி பாஞ்சோவில் இன்று இரண்டு வகை முக்கியம். ஒன்று, பின்பக்கம் 'ரெசனேட்டர்' என்ற மரத் தட்டு போட்டு மூடிய கனமான பாஞ்சோ. புளூகிராஸ் இசைக்கு உரியது. மற்றொன்று பின்பக்கம் திறந்த, எடை குறைந்த பாஞ்சோ. 'ஓல்ட் டைம்' என்று சொல்லப்படும் பழைய நாட்டுப்புற இசைக்கு உரியது. அந்த இசையை வாசிக்கும் முறைகளில் முக்கியமானது 'கிளாஹாமர்': விரல் நகத்தால் தந்தியை மேலிருந்து கீழாகத் தட்டி, கட்டை விரலால் குட்டைத் தந்தியை மீட்டுவது. நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவது வகை.

குடுக்கையில் பிறந்தது

பாஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா. அடிமைகளாகப் பிடிக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்ட மக்களிடம் எந்த உடைமையும் இல்லை. அவர்கள் தலைக்குள் கொண்டுவந்தது ஒரு செய்முறை. குடுக்கையைப் பாதியாக வெட்டு, தோலைக் கட்டு, ஒரு குச்சியைச் செருகு, நரம்பை முறுக்கித் தந்தியாக்கு. இதற்குப் பட்டறை வேண்டாம், பணமும் வேண்டாம். கரீபியன் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் கிடைத்த பொருள்களை வைத்து அதைச் செய்துகொண்டார்கள்.

இதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஹான்ஸ் ஸ்லோன் என்ற ஆங்கிலோ-ஐரிஷ் மருத்துவர் 1687-ல் ஜமைக்கா போனார். அங்கே அடிமைகள் வாசித்த குடுக்கைக் கருவிகளின் படத்தை 1707-ல் வெளியிட்ட தன் நூலில் சேர்த்தார். அடிமைகளை வைத்திருந்தவரும் பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனவருமான தாமஸ் ஜெஃபர்சன், இந்தக் கருவி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று 1780-களிலேயே எழுதிவைத்தார். தென் கரோலினாவில் ஜான் ரோஸ் என்ற தோட்ட முதலாளி 1785-1790 வாக்கில் வரைந்த நீர்வண்ண ஓவியம் ஒன்று வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ளது. அடிமை மக்கள் ஆடிக்கொண்டிருக்க, ஒருவர் உட்கார்ந்து குடுக்கை பாஞ்சோ வாசிக்கிறார். அந்த பாஞ்சோவில் குட்டைத் தந்தி தெளிவாகத் தெரிகிறது.

சூரிநாமிலிருந்து 1770-களில் ஜான் கேப்ரியல் ஸ்டெட்மன் கொண்டுவந்ததாகக் கருதப்படும் ஒரு பாஞ்சோ நெதர்லாந்தின் லைடன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான். ஹைட்டியிலிருந்து 1841-ல் போன இன்னொன்று பாரிஸில் இருக்கிறது. அந்தக் காலத்துக் குடுக்கை பாஞ்சோக்களில் நம் கண்ணுக்கு மிஞ்சியவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். இரண்டிலும் செய்தவர் பெயர் இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் 'அகோன்டிங்' என்ற கருவி இன்றும் உண்டு. குடுக்கை உடல், மூன்று தந்தி, அதில் ஒன்று குட்டை. வாசிக்கும் விதமும் நகத்தால் கீழ்நோக்கித் தட்டி, கட்டை விரலால் குட்டைத் தந்தியை மீட்டுவதுதான். கிளாஹாமரைப் பார்த்தவர்கள் அகோன்டிங்கைப் பார்த்தால் ஒரு நிமிடம் திகைத்துப்போவார்கள்.

முரசு செய்பவர் கைக்குப் போன கதை

1830, 40-களில் பாஞ்சோ வெள்ளையர் மேடைக்கு ஏறியது. ஏறிய விதம் அழகானது அல்ல. முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிப் பாடும் 'மின்ஸ்ட்ரல்' கூத்து அப்போது அமெரிக்கா முழுவதும் பெரிய வியாபாரம். வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற குழு 1843-ல் நியூயார்க்கில் ஆரம்பித்து வைத்த இந்த மோகம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்தக் கூத்தின் அடையாளக் கருவி பாஞ்சோ.

அந்தக் காலத்துப் பிரபலக் கலைஞர் ஜோயல் வாக்கர் ஸ்வீனி, வர்ஜீனியாக்காரர். குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மேலே சொன்ன ஜான் ரோஸ் ஓவியத்தில் குட்டைத் தந்தி இருக்கிறது. ஸ்வீனி பிறந்தது 1810-ல்! கணக்கு அங்கேயே உதைக்கிறது. அவர் சேர்த்தது அநேகமாக ஒரு நீளத் தந்தியாக இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

மேடை வந்ததும் பாஞ்சோவுக்குச் சந்தை வந்தது. பால்டிமோர் நகரில் வில்லியம் பவுச்சர் என்ற ஜெர்மானிய வம்சாவளித் தொழிலாளர் முரசுகள் செய்துகொண்டிருந்தார். 1840-களில் அவர் பாஞ்சோவும் செய்ய ஆரம்பித்தார். முரசுக்குச் செய்வதை அப்படியே இதற்கும் செய்தார்: மரப்பட்டையை வளைத்து வட்டச் சட்டம், தோலுக்கு மேல் ஒரு வளையம், அதை இழுத்துப் பிடிக்க இரும்புக் கொக்கிகள். மழைக் காலத்தில் தோல் தொய்ந்தால் திருகை முடுக்கினால் போதும். இன்றைய பாஞ்சோவின் எலும்புக்கூடு இதுதான். பவுச்சர் தன்னுடைய பாஞ்சோக்கள் சிலவற்றை 1890-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அவை இப்போதும் அங்கே இருக்கின்றன.

குடுக்கை போய் மரச்சட்டம் வந்ததில் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. ஒவ்வொரு குடுக்கையும் ஒரு அளவு, ஒரு கனம். மரச்சட்டத்தை ஒரே அளவில் நூறு செய்யலாம். அளவு ஒன்றானால் தொழிற்சாலை வரும். தொழிற்சாலை வந்தால் பெயர்ப் பலகை வரும். இதற்குப் பிறகு பாஞ்சோவின் வரலாறு முதலாளிகளின் பெயரோடு எழுதப்பட்டது.

பாஸ்டன் காலம்

1880 முதல் 1910 வரை பாஞ்சோவின் பொற்காலம் என்பார்கள். பிலடெல்பியாவில் எஸ்.எஸ். ஸ்டூவர்ட், பாஸ்டனில் ஏ.சி. ஃபேர்பேங்க்ஸ் ஆகியோர் பாஞ்சோவை நடுத்தர வர்க்க வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுபோக உழைத்தார்கள். முத்துச்சிப்பி பதித்த கழுத்து, செதுக்கிய அடிப்பகுதி, வெள்ளி போல மின்னும் உலோகம் எல்லாம் வந்தன. கறுப்பின மக்களோடு இருந்த தொடர்பை மறக்கடிப்பதும் அந்த 'உயர்த்தும்' வேலையின் ஒரு பகுதி.

இன்றைய மலிவு பாஞ்சோக்களின் நேரடி முன்னோர்கள் இந்தக் காலத்தில் பிறந்தவர்கள்தான். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது 'வொய்ட் லேடி', 1901. அதற்கு முன் நல்ல பாஞ்சோ என்றால் மரச்சட்டத்தின் மேல் உலோகத் தகடு போர்த்தியிருப்பார்கள். ஃபேர்பேங்க்ஸ் கம்பெனி அதை எடுத்துவிட்டு, வெளிர் நிற மேப்பிள் மரத்தை அப்படியே தெரியவிட்டது. பெயரின் காரணமும் அந்த வெளிர் நிறம்தான். தோலுக்கு அடியில் அலை அலையாக வளைந்த ஒரு உலோக வளையம். இதை 'டோன் ரிங்' என்பார்கள். மரத்தின் இதமும் உலோகத்தின் பளிச்சென்ற ஒலியும் சேர்ந்து கிடைத்தன.

இரண்டாவது 'டூபாஃபோன்', 1909. இதில் வளையம் உள்ளே கூடான குழாய். பக்கவாட்டில் துளைகள் இருக்கும். ஒலி இன்னும் கொஞ்சம் கணீரென்று, நீளமாக வரும். இதற்குள் ஃபேர்பேங்க்ஸ் கம்பெனியை வேகா என்ற பாஸ்டன் கம்பெனி வாங்கியிருந்தது.

இவை பணக்கார பாஞ்சோக்கள். அதே காலத்தில் நியூயார்க்கில் பக்பீ என்ற தொழிற்சாலை விதவிதமான கடைப் பெயர்களுக்காக மலிவு பாஞ்சோக்களைச் செய்து குவித்தது. மான்ட்கோமரி வார்டு, சியர்ஸ் ரோபக் போன்ற தபால் வழி விற்பனைக் கம்பெனிகளின் தடிமனான பட்டியல் புத்தகங்களில் பாஞ்சோ பக்கமும் இருந்தது. 1896-ல் கிராமங்களுக்கு இலவசத் தபால் விநியோகம் ஆரம்பித்தது, 1913-ல் பார்சல் தபாலும் வந்தது. கடையே இல்லாத மலைக் கிராமத்துக்கும் தபால்காரர் பாஞ்சோ கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற நிலை. 'மலிவு பாஞ்சோ' என்ற வியாபாரம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

மலைக்காரர்களின் கைவேலை

தபாலில் வாங்கவும் காசு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? தாங்களே செய்துகொண்டார்கள். அப்பலாச்சிய மலைப் பகுதியில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் பாஞ்சோ வாசித்தார்கள், ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.

வட கரோலினா மலையில் ஃபிராங்க் பிராஃபிட் (1913-1965) என்ற விவசாயி இருந்தார். அவர் அப்பா வைலி பிராஃபிட் பாஞ்சோ செய்வார். மகனுக்கும் அது வந்தது. அவர்கள் செய்த பாஞ்சோவில் மெட்டுகளே கிடையாது, வயலின் மாதிரி வழுவழுப்பான கழுத்து. உடல் வட்டமான மரப்பலகைகள், நடுவில் மட்டும் சின்னதாக ஒரு தோல். அணில் இனத்தைச் சேர்ந்த கிரவுண்ட்ஹாக் என்ற விலங்கின் தோலையோ, வேறு சின்ன விலங்கின் தோலையோ போடுவார்கள். சின்ன விலங்கு என்றால் சின்னத் தோல். தோல் சின்னது என்பதால் பாஞ்சோவின் முகமும் சின்னது. வடிவமைப்பு என்பது சில சமயம் சமையலறையில் மிஞ்சியதிலிருந்து வருகிறது!

இந்த பிராஃபிட் 1938-ல் ஃபிராங்க் வார்னர் என்ற பாடல் சேகரிப்பாளருக்குப் பாடிக் காட்டிய பாட்டு 'டாம் டூலி'. 1868-ல் தூக்கிலிடப்பட்ட ஒருவரைப் பற்றிய பாட்டு அது. அதை 1958-ல் கிங்ஸ்டன் ட்ரியோ என்ற குழு பதிவு செய்து லட்சக்கணக்கில் விற்றது. நகரத்து இளைஞர்கள் பாஞ்சோ தேடி அலைந்ததற்கு அந்த இசைத்தட்டும் ஒரு காரணம்.

அதே மாநிலத்தின் ரவுண்ட் பீக் பகுதியோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொருவர் கைல் கிரீட் (1912-1982). வாசிப்பவர், பாஞ்சோ செய்பவரும்கூட. மெட்டில்லாத பாஞ்சோவின் கழுத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு அவர் ஃபார்மிகாவை ஒட்டினார். ஆமாம், சாப்பாட்டு மேசைக்கு ஒட்டுவார்களே, அதே ஃபார்மிகா தகடு. இன்று ரவுண்ட் பீக் பாணியைப் பாரம்பரியம் என்று போற்றுகிறவர்கள் அந்த ஃபார்மிகாவையும் சேர்த்துத்தான் போற்றுகிறார்கள். கிடைத்ததை வைத்துச் செய்வதுதான் இங்கே பாரம்பரியம்.

இசைத்தட்டு போட்ட கோடு

1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் தென் மாநிலங்களுக்கு வந்தன. விற்பனை வசதிக்காக ஒரு கோடு போட்டன. வெள்ளையர் வாசித்தால் 'ஓல்ட் டைம்' அல்லது 'ஹில்பில்லி' பட்டியல். கறுப்பினத்தவர் வாசித்தால் 'ரேஸ்' பட்டியல், அதில் பெரும்பாலும் புளூஸ், ஜாஸ், பக்திப் பாடல். பாஞ்சோவும் ஃபிடிலும் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள் எந்தப் பட்டியலிலும் சரியாகப் பொருந்தவில்லை, மிகச் சிலரே பதிவானார்கள். கேலிக்கூத்தின் கறையும் சேர்ந்துகொள்ள, அடுத்த தலைமுறை கறுப்பின இளைஞர்கள் பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்கள் முன்னோர் செய்த கருவி அவர்களுடையது என்பதே உலகத்துக்கு மறந்துபோனது.

பிறகு வந்த பொருளாதார மந்தம் எல்லோரையும் அடித்தது. வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர் டாக் பாக்ஸ் 1927-ல் இசைத்தட்டு கொடுத்தவர். கஷ்ட காலத்தில் பாஞ்சோவை அடகு வைத்துவிட்டுப் பல ஆண்டுகள் வாசிக்காமலே இருந்தார். 1963-ல் மைக் சீகர் தேடிப்போய்க் கண்டுபிடித்த பிறகுதான் மீண்டும் மேடை ஏறினார்.

1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். மூன்று விரல்களால் மின்னல் வேகத்தில் அவர் வாசித்த பாணி புளூகிராஸின் அடையாளம் ஆனது. அதற்கு ஏற்ற கருவி கிப்சன் கம்பெனியின் மாஸ்டர்டோன். பின்பக்கம் ரெசனேட்டர், உள்ளே கனமான வார்ப்பு உலோக வளையம். முழு பாஞ்சோ 5 கிலோவைத் தொடும். 1930-களின் மாஸ்டர்டோன்களில் அபூர்வமானவை இன்று வீடு வாங்கும் விலைக்குப் போகின்றன. எல்லோரும் அந்த ஒலியைத் தேடி ஓட, பின்பக்கம் திறந்த பழைய பாஞ்சோக்கள் பரணிலும் அடகுக் கடையிலும் தூங்கின.

மறுபடியும் பழசு

தூங்கியதை எழுப்பியவர்கள் 1950, 60-களின் கல்லூரி மாணவர்கள். பீட் சீகர் 1948-ல் பாஞ்சோ கற்றுக்கொள்ளும் புத்தகம் ஒன்று எழுதியிருந்தார். இளைஞர்கள் அதைப் படித்தார்கள், மலைக்குப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கற்றார்கள், பரண்களில் கிடந்த ஃபேர்பேங்க்ஸ், வேகா பாஞ்சோக்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். சில ஆண்டுகளில் பரண் காலி. பழைய பாஞ்சோ விலை ஏறியது. அடுத்து வருபவன் என்ன செய்வான்?

முதல் பதில்: நீயே செய். ஒஹையோ மாநிலத்தில் 1968-ல் தொடங்கிய ஸ்டூவர்ட்-மக்டானல்ட் கம்பெனி பாஞ்சோ பாகங்களையும், வீட்டில் பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்புகளையும் விற்றது. 1975-ல் வந்த 'ஃபாக்ஸ்ஃபயர் 3' என்ற புத்தகத்தில் ஜார்ஜியா மாநிலப் பள்ளி மாணவர்கள் மலைக்காரர்களிடம் கேட்டறிந்து பாஞ்சோ செய்முறையை விளக்கமாக எழுதினார்கள். பிராஃபிட் குடும்பம் செய்தது போன்ற பாஞ்சோ அதன் பிறகு நிறையப் பேர் வீட்டுத் தச்சுப் பட்டறையில் பிறந்தது.

இரண்டாவது பதில் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் 1975-ல் ஆரம்பித்த டீரிங் கம்பெனி, 1990-களில் 'குட்டைம்' என்ற பாஞ்சோவை வெளியிட்டது. அதை ஒரு பாடமாகவே படிக்கலாம். டோன் ரிங் இல்லை. ரெசனேட்டர் இல்லை. முத்துச்சிப்பி இல்லை. கழுத்துக்கு மேல் தனியாக விரல் பலகை ஒட்டாமல் மேப்பிள் மரத்திலேயே மெட்டுகளைப் பதித்தார்கள். பளபளப்பு வார்னிஷுக்குப் பதில் மங்கலான பூச்சு. எடை சுமார் 2 கிலோதான். 'வேகா' என்ற பழைய பெயரை 1989-ல் வாங்கி, விலை உயர்ந்த மாடல்களுக்கு வைத்திருப்பதும் இதே டீரிங்தான்.

புளோரிடாவில் 1993-ல் தொடங்கிய கோல்டு டோன் வேறு வழியில் போனது. பாகங்களை ஆசியாவில் செய்து, அமெரிக்காவில் சரிபார்த்து விற்பது. 1901-ன் வொய்ட் லேடியைப் பார்த்துச் செய்ததற்கு எழுத்துக்களை மட்டும் கொஞ்சம் மாற்றி அதே பெயர்! டூபாஃபோன் வகை வளையம் போட்ட மாடலும் உண்டு. இவர்களின் மிக மலிவான மாடல் ஒன்றில் சட்டமே மரம் கிடையாது, வார்த்தெடுத்த கலவைப் பொருள். 'ரெக்கார்டிங் கிங்' என்ற இன்னொரு மலிவு பிராண்டின் பெயர் 1930-களில் மான்ட்கோமரி வார்டு தபால் பட்டியலில் இருந்த பெயர். மலிவு பாஞ்சோவின் பெயரையே மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். இத்தனையும் குறைத்தால் ஒலி கெட்டுப்போகாதா?

புளூகிராஸுக்கு என்றால் கெடும். ஓல்ட் டைமுக்கு அவ்வளவாகக் கெடாது. கிளாஹாமரில் வேண்டியது மொத்தையான, மரத்தன்மை உள்ள, சீக்கிரம் அடங்கும் ஒலி. கனமான உலோக வளையம் தரும் கூர்மையை இந்தக் கலைஞர்களே தோலுக்குப் பின்னால் பழந்துணி திணித்துக் குறைப்பது உண்டு. காசு கொடுத்து வாங்கிய ஒலியைத் துணி வைத்து அடைப்பதற்கு, முதலிலேயே அது இல்லாமல் வாங்கலாமே.

மற்ற பொருள்களும் மலிவாகிவிட்டன. 1950-களின் கடைசியில் வந்த மைலார் பிளாஸ்டிக் தோல் ஈரத்துக்குத் தொய்யாது. குடல் நரம்புத் தந்தியின் ஒலியைப் பின்பற்றும் 'நைல்கட்' என்ற செயற்கைத் தந்தியும் கிடைக்கிறது. பல அடுக்கு மேப்பிளைச் சூட்டில் வளைத்து ஒட்டும் சட்டம் ஒரே சீராக வருகிறது. தொழிற்சாலைக்குச் சட்டம் செய்வது சுலபம். கழுத்தை நேராகச் செய்வதும், மெட்டுகளைத் துல்லியமாகப் பதிப்பதும்தான் கஷ்டம். மலிவு பாஞ்சோ வாங்குபவர்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான். கழுத்து நேராக இருந்து, தோல் சரியாக முறுக்கப்பட்டு, குதிரை சரியான இடத்தில் நின்றால் சில நூறு டாலர் பாஞ்சோவும் நன்றாகவே பாடும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் ஆயிரம் டாலர் பாஞ்சோவும் அழும்.

எந்தப் பழமை?

ஆரம்பத்தில் வைத்த கேள்விக்கு வருவோம். தொழிற்சாலைகள் 'பழைய வடிவம்' என்று நகல் எடுப்பவற்றில் பெரும்பாலானவை 1890-க்கும் 1910-க்கும் இடைப்பட்ட பாஸ்டன் வடிவங்கள். அதாவது, பாஞ்சோவைக் கனவான்களின் கருவியாக மாற்ற முயன்ற காலத்தின் வடிவங்கள். அதற்கு முந்தைய பவுச்சர் வடிவத்தையும் அதற்கும் முந்தைய குடுக்கையையும் செய்பவர்கள் பெரும்பாலும் தனிக் கைவினைஞர்கள். இதில் சதி எதுவும் இல்லை. ஒரே அளவில் செய்ய முடியாத குடுக்கை தொழிற்சாலைக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். ஆனால் விளைவு என்ன? காசில்லாதவர்கள் காசில்லாமல் செய்த முதல் பாஞ்சோ, இன்று சிறப்பு ஆர்டர் கொடுத்து வாங்கும் பொருள். பணக்காரர்களின் பாஞ்சோ மலிவு விலைக்கு வந்துவிட்டது!

இந்த மறதியை உடைக்கும் வேலையும் நடந்துவருகிறது. 2005 ஏப்ரலில் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்கள், ஆய்வாளர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற குழுவை உருவாக்கினார்கள். ஜோ தாம்சன் (1918-2012) என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரிடம் போய் உட்கார்ந்து பழைய பாடல்களைக் கற்றார்கள். 2011-ல் கிராமி விருது கிடைத்தது. அந்தக் குழுவின் ரியானன் கிடன்ஸ் வாசிப்பது 1858-ம் ஆண்டு பாஞ்சோ ஒன்றின் நகல். மெட்டுகள் இல்லாதது, கேலிக்கூத்துக் காலத்தின் கருவி. எந்தக் கருவி அவமானத்துக்குப் பயன்பட்டதோ அதையே கையில் எடுத்து, கதையைத் திருப்பிச் சொல்கிறார். 2024-ல் பியான்ஸேயின் 'டெக்ஸஸ் ஹோல்டெம்' பாட்டில் வந்த பாஞ்சோவும் அவர் வாசித்ததுதான். அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

கடைசியாக ஒன்று. ஃபேர்பேங்க்ஸ், ஸ்டூவர்ட், பவுச்சர் என்று பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. இவர்களுக்கு முன்னால் குடுக்கையை வெட்டித் தோல் கட்டியவர்கள் பெயர் தெரியாது. இன்று ஏதோ ஒரு ஆசியத் தொழிற்சாலையில் மேப்பிள் சட்டத்தை வளைத்து, கொக்கி பூட்டி, பெட்டியில் அடைப்பவர்களின் பெயரும் தெரியாது. பாஞ்சோவின் கதையில் இரண்டு முனையிலும் பெயரில்லாத கைகள்தான் இருக்கின்றன. நடுவில் இருப்பவர்களின் பெயர் மட்டும் கழுத்தின் உச்சியில் எழுதப்படுகிறது.

மலிவான பாஞ்சோ வருவது நல்ல விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தக் கருவி எப்போதெல்லாம் விலை ஏறி மேலே போனதோ, அப்போதெல்லாம் குடுக்கையோ, கிரவுண்ட்ஹாக் தோலோ, ஃபார்மிகாவோ, தபால் பட்டியலோ வந்து அதைக் கீழே இறக்கி எளியவர் மடியில் வைத்திருக்கிறது. இன்றைய மலிவு பாஞ்சோவும் அந்த வரிசையில் வந்ததுதான். அதை வாங்குகிறவர்கள் வொய்ட் லேடியின் வயதோடு நிறுத்திவிடாமல், அதற்கு முன்னால் கப்பலில் வந்தவர்கள் வரைக்கும் எண்ணிப் பார்த்தால் அதன் வயது சரியாக வரும். கழுத்தின் பாதியில் ஒரு குட்டைத் தந்தி இருக்கிறதே, அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.